பங்காளி மரபணு

கைதட்டல் அடங்கிய பிறகும் முனைவர் நாச்சிமுத்து மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த இயக்குநர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, எவ்வளவு நல்ல மனசு என்பதுபோலப் புன்னகைத்தார். நல்ல மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. தட்டுவதை நிறுத்தினால் தன் முகம் எப்படிப் போகும் என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் தட்டிக்கொண்டிருந்தார்.

மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றவன் சென்னியப்பன். நாச்சிமுத்துவுக்குச் சித்தப்பா மகன், ஐந்து மாதம் இளையவன், அதே பட்டுப்புழு மரபியல் நிலையத்தில் அதே பதவியில் இருக்கும் விஞ்ஞானி. ஊர் முழுக்க அவனை 'டாக்டர் சார்' என்றாலும் நாச்சிமுத்துவின் மனசுக்குள் அவன் என்றைக்கும் 'அவன்'தான். இந்தக் கதையை நாச்சிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சென்னியப்பனுக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் புதுப் புழு ரகத்தின் பெயர் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது: சென்னி-1. அந்தப் பெயரை வைத்தவர் இயக்குநர் அம்மா. உடுமலைக்குத் தெற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிலையத்தில், ஒரு ரகத்துக்கு மனிதன் பேரைச் சூட்டியது அதுதான் முதல் தடவை.

இந்தக் கதை நடக்கும் காலத்தில் பட்டு வெறும் புடவைச் சரக்கு இல்லை. அறுந்த நரம்பைச் சேர்த்துவைக்கும் மெல்லிய குழாயைப் பட்டு நூலில்தான் நெய்கிறார்கள். லாரியில் அடிபட்டுக் கை மரத்துப்போனவனுக்கு மறுபடி விரல் மடங்குகிறதென்றால் அந்தக் குழாயால்தான். ஆஸ்பத்திரிகள் நூலுக்காகக் காத்துக் கிடந்தன. பழைய புழுவோ பழைய அளவுதான் நூல் விட்டது. சென்னி-1 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விடும்.

முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். நாச்சிமுத்துவின் கூடப்பிறந்த தங்கை மயிலாத்தாள். காரைக்காட்டுப்புதூரில் புழு வளர்க்கிறாள், அந்த ஊர் வளர்ப்புக்காரப் பெண்களுக்கு அவள்தான் தலைவி.

"சென்னியண்ணா, இத்தனை நேரம் படிச்சவங்க பாசையில பேசிட்டீங்க. எங்களுக்கு வெளங்கற மாதிரி ஒருக்காச் சொல்லுங்க. இந்தப் புழுவை என்ன பண்ணுனீங்க?"

சென்னி ஒலிபெருக்கியை ஒதுக்கிவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தான். "மயிலு, பட்டுங்கறது ஒரு மாலைன்னு வெச்சுக்க. ரெண்டு மூணு சாதிப் பூவையே திருப்பித் திருப்பித் தொடுக்கற மாலை. அதுல ஒரு பூவுக்குப் பேரு அலனின். தொடுக்கறவ ஒரு பக்கம் உக்காந்திருக்கறா. அவளுக்குப் பூ கொண்டாந்து கொடுக்க ஆள் வேணுமில்ல? அந்த ஆளைத்தான் நாங்க கடத்தி ஆர்.என்.ஏ.ன்னு சொல்றோம். பூ கொண்டார ஆளு எச்சா இருந்தா மாலை வெரசா வளரும். ஆளு பத்தலீன்னா தொடுக்கறவ கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கோணும்."

"செரி."

"அலனினைத் தூக்கிட்டு வாரதுக்குப் புழு உடம்புல ரெண்டு ஆளு. ரெண்டு பேரும் ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒருத்தன் உடம்பு முச்சூடும், பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் வேலை செய்வான். இன்னொருத்தன் பட்டுச் சுரப்பியில மட்டும், அதுவும் கடைசித் தோலை உரிச்சுட்டு வந்து பெருந்தீனி திங்கற அந்த நாள்ல மட்டும் எந்திரிப்பான். மத்த நேரமெல்லாம் கதவைச் சாத்திட்டுப் படுத்துக்குவான்."

"ஒரே மாதிரி ஆளுங்கன்னு சொல்றீங்க. அப்பறம் இவன் மட்டும் எதுக்குப் படுத்துக்கறான்?"

"வாசல் வேற மயிலு. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால ஒரு வாசல் இருக்குது. படியெடுக்கற எந்திரம் அங்க வந்து உக்காந்தாத்தான் உள்ள இருக்கற ஆளை உருவாக்கி வெளிய அனுப்பும். பொதுப் பங்காளிக்கு அகலமான வாசல். யாரு வந்தாலும் உக்காரலாம். பட்டுப் பங்காளிக்குச் சந்து வாசல். கூட்டம் நெருக்கித் தள்ளுனாத்தான் ஒருத்தன் உள்ள போவான். அந்தக் கூட்டம் சுரப்பியில மட்டுந்தான் சேரும், அதுவும் மெதுவாத்தான் சேரும். நான் என்ன பண்ணுனேன், சந்து வாசலை இடிச்சுப் போட்டுட்டு, பொதுப் பங்காளியோட அகல வாசலைக் கொண்டாந்து அங்க வெச்சுட்டேன். இப்ப பூக்கார ஆளு முதல் நாளே வரிசை கட்டி நிக்கறான்."

கூட்டம் சிரித்தது. மயிலாத்தாளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"அப்பறம் இன்னொண்ணு," என்றான் சென்னி. "புழு பழுத்துக் கூடு கட்டற நேரத்துல நானே ஒவ்வொரு ஊட்டுக்கும் வந்து நிப்பேன். உங்களைத் தனியா உட மாட்டேன்."

போட்டோவுக்கு நிற்க வேண்டாமா பின்னே, என்று நினைத்துக்கொண்டார் நாச்சிமுத்து.

ஆனால் அவரை உள்ளே அறுத்தது அது இல்லை. அந்த அகல வாசல்தான். இருபது வருஷமாக அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது பொதுப் பங்காளியின் வாசலைத்தான். எல்லா இடத்திலும் எப்போதும் வேலை செய்கிற ஒன்றைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை? வீட்டில் தினமும் அடுப்பெரிகிறதா என்று எவரும் வந்து கேட்பதில்லை. மத்தாப்புக் கொளுத்தினால் தெருவே திரண்டு நிற்கும். இப்போது அவருடைய வாசலைப் பெயர்த்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக்கு வைத்து, அதன்மேல் தன் பேரையும் எழுதிக்கொண்டான் சென்னி.

பங்காளிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. வெயிலுக்கும் வருவதில்லை, மழைக்கும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக் கூரை நம் கூரையைவிட ஒரு ஓடு உயர்ந்தால் வரும். நாச்சிமுத்துவுக்கு அது சின்ன வயசிலேயே வந்து, விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி, ஒரே பேராசிரியர். எல்லாவற்றிலும் சென்னி ஒரு அங்குலம் முன்னால். ஒரு முழம் முன்னால் இருந்திருந்தால்கூட நாச்சிமுத்து நிம்மதியாக விட்டிருப்பார்.

போகட்டும், கெட்டவனாகவாவது இருந்தானா? அதுவும் இல்லை. எங்கே பார்த்தாலும் "அண்ணா, வாங்கண்ணா" என்று எழுந்து நிற்பான். ஐந்து மாதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒரு தடவை அவன்மேல் நியாயமாகக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்தது. மைசூரில் நடந்த மாநாடு. நாச்சிமுத்துவின் ஆயுளில் கிடைத்த ஒரே பெரிய மேடை அது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கடைசிப் பேச்சாகப் போட்டுவிட்டார்கள். பாதியிலேயே கூட்டம் கலைந்து, பாத்திரச் சத்தம் கேட்ட பக்கமாகப் போய்விட்டது. மணியடித்ததும் கடைசிப் படங்களைக் கடகடவென்று ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கினார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் சென்னி மட்டும் உட்கார்ந்திருந்தான், மார்பில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. பங்காளியின் பேச்சு அவனுக்குத் தாலாட்டாகப் போய்விட்டது. அதை நாச்சிமுத்து மறக்கவே இல்லை. சென்னியைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் தேவைப்பட்ட போதெல்லாம் அந்த மூடிய கண்களைத்தான் எடுத்து வைத்துக்கொள்வார்.

விழா முடிந்த மறுநாளே நாச்சிமுத்து வேலையில் இறங்கினார். பொறாமைக்காரனைப்போல ஒரு ஆராய்ச்சியாளன் அமையமாட்டான். நண்பன் மேலோட்டமாகப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவான், பொறாமைக்காரன் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்ப்பான். பொது வளர்ப்பு அறையில் சென்னி-1 புழுக்களை ஒரு தட்டு வாங்கிவந்து, வெயிலில் வைத்தார், ஈர இலை போட்டார், வாடின இலை போட்டார், பட்டினி போட்டார். அந்தப் புழுக்கள் அசரவில்லை. இலையை ஒரே சீராகத் தின்று, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் மொத்தத்துக்குத் திரண்டு, கோழிமுட்டை போன்ற கூடுகளைக் கட்டிவைத்தன. சென்னி அங்கேயும் ஒரு அங்குலம் முன்னால்தான்.

அப்போதுதான் அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஊர்ப்பக்கம் புழு பொறுக்கும் நாள் ஒரு சின்ன நோம்பி, திருவிழா மாதிரி. தீனியை விட்டு நூல் விடத் தயாராகிப் பழுத்த புழுக்களைத் தட்டிலிருந்து பொறுக்கி, கூடு கட்டும் வலையில் விட ஒரு வீட்டு ஆட்களின் கை போதாது. சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் வரும், வேலை முடிந்ததும் கறிச்சோறு. ஒறம்பரையை மூன்று நாள் நிறுத்தி வைக்க முடியுமா? அதனால் எல்லாப் புழுவும் ஒரே நாளில் பழுத்தாக வேண்டும். அதற்கென்றே செடியிலிருந்து எடுத்த ஒரு மருந்து இருக்கிறது. பழமருந்து என்பார்கள். நாலு புழு பழுக்க ஆரம்பித்ததும், சாயங்காலம் கடைசி இலையில் அதைத் தெளித்துப் போட்டால் மறுநாள் விடிய எல்லாப் புழுவும் ஒன்றாகப் பழுத்து மேலே ஏறும். அது ஒன்றும் மாயமில்லை. புழுவின் உடம்பு தானே மெதுவாகச் சுரக்கும் பழுக்கும் சுரப்பை, மருந்து ஒரே இரவில் ஊற்றிவிடுகிறது.

நிலையத்தின் அறைகளில் ஒறம்பரையும் கிடையாது, கறிச்சோறும் கிடையாது. புழு தானாகப் பழுக்கும்வரை சம்பளத்துக்கு ஆள் காத்திருக்கும். அங்கே பழமருந்தை யாரும் தொட்டதே இல்லை.

நாச்சிமுத்து தெளித்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் எல்லாப் புழுவும் வலையில் ஏறியிருந்தன. முன்னங்காலை ஊன்றி, தலையைத் தூக்கி, நூல் விடும் புழு ஆட்டுவதுபோலவே இப்படியும் அப்படியும் ஆட்டின. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு புழுவை எடுத்து அறுத்துப் பார்த்தார். சுரப்பியில் பாதிப் பட்டு, மீதி வெறும் நீர். சோதித்துப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. பழுக்கும் சுரப்பு மெதுவாக ஏறினால் அகல வாசல் மெதுவாகத்தான் மூடும், அதற்குள் பட்டு வேலை முடிந்துவிடும். ஒரே இரவில் வெள்ளமாக வந்தால் வாசல் படாரென்று சாத்திக்கொள்ளும். பழைய ரகத்தின் சந்து வாசலுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதைத்தான் சென்னி இடித்துப் போட்டுவிட்டானே.

மருந்து தின்ற புழுக்களில் சிலவற்றை மறுநாள் காலையிலேயே வலையிலிருந்து இறக்கி மருந்தில்லாத இலையில் விட்டுப் பார்த்தார். பாதி மறுபடி மேய்ந்து தேறிக்கொண்டன. மீதி தலையை ஆட்டி ஆட்டியே ஓய்ந்தன.

நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. வெகுநாளைக்குப் பிறகு விசிலடித்துக்கொண்டே குளித்தார். சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணமும் வராமல் இல்லை. நாளைக்கு இயக்குநரிடம் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் வந்தபோது, ஏன் சொல்ல வேண்டும், என்னைக் கேட்டா செய்தான் என்று தோன்றியது. பிறகு, எப்படியும் முதல் முட்டைகளை வேறு மாவட்டத்துக்குத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. முகம் தெரியாத ஊர், முகம் தெரியாத புழு. அங்கே புழுக்கள் வெறும் வாயை ஆட்டிக்கொண்டு நிற்கும், அதன் நடுவில் சென்னி மாலை இல்லாமல் நிற்பான். அந்தக் காட்சியை அவர் மிட்டாயைப்போல வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் மயிலாத்தாள் அவர் குடியிருப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பெட்டி.

"உள்ளார வரலைண்ணா, முட்டை சூடாகறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிரோணும். முட்டை வாங்கிட்டு வாரேன்."

"எந்த முட்டை?"

"சென்னி ஒண்ணுதான். மொதல்ல வெளியூருக்குத்தான்னு சொன்னாங்களாமா. சென்னியண்ணன்தான் புடிவாதமா நின்னு, எங்க ஊருக்கு மொதல்ல கொடுங்க, எந்தங்கச்சி வளப்பான்னு சொல்லி வாங்கிக் கொடுத்துச்சு. எங்க ஊருல அத்தனை பேரும் எடுத்துட்டோம்."

நாச்சிமுத்து அந்தப் பெட்டியையே பார்த்தார். மயிலாத்தாளின் புருஷன் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வீடு நடப்பது புழு வளர்க்கும் அந்த மனையால்தான். போன மழைக்காலத்தில் நோய் விழுந்து இரண்டு பட்டப் புழு அப்படியே குழியில் போய்விட்டது அவருக்குத் தெரியும்.

"இந்தப் பட்டம் வெளங்கலீன்னா மனையைப் பூட்டிப் போட்டுட்டு மில்லுக்குத்தான் போகோணும்," என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அதான் உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீயும் அதே படிப்புத்தானே படிச்சவன். இந்த ரகத்தை நம்பலாமில்ல அண்ணா? நீ சொன்னாப் போதும்."

நம்பலாம் மயிலு, பழமருந்து மட்டும் தெளிக்காதே. இவ்வளவுதான் வாக்கியம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"உன்னைக் கேக்கத் தேவையில்லீன்னு நம்ம ஆளுங்க சொன்னாங்க," என்று அவளே தொடர்ந்தாள். "சென்னியண்ணன் செஞ்சா அதுல கோளாறு இருக்காதுன்னு ஊருக்கே தெரியுமுன்னாங்க. நாந்தான், எதுக்கும் எங்கண்ணனையும் கேட்டுக்கறேன்னேன்."

எதுக்கும். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கூடப்பிறந்தவளுக்கே அவர் 'எதுக்கும்' கேட்டுவைக்கிற ஆள்.

"சென்னி செஞ்சதுல என்ன கோளாறு இருக்கப்போகுது?" என்றார் நாச்சிமுத்து. "தைரியமா வளத்து மயிலு."

அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார். தெருமுனை வரைக்கும் நினைத்தார்.

அதற்குப் பிறகு முட்டை பொரிந்தது, புழு வளர்ந்தது, அவர்தான் இளைத்தார். மயிலாத்தாள் போனில் கூப்பிடும்போதெல்லாம் புழுவைப் பற்றியே பேசினாள். அண்ணா, எத்தனை தீனி தின்னுது தெரியுமா, இலை வெட்டி மாளலை. அண்ணா, தொட்டாப் பஞ்சு மூட்டையாட்ட இருக்குது. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனை எடுப்பார். சொன்னால், முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே. நாள் ஆக ஆக அந்தக் கேள்விக்குப் பதில் கடினமாகிக்கொண்டே போனது. தவிர, அவள் பேச்சில் மூச்சுக்கு மூச்சு சென்னியண்ணன் வந்துபோனான்.

"நாளைக்குப் புழு பொறுக்கறோம்," என்று ஒரு காலையில் சொன்னாள். "நாலஞ்சு பழுத்திருச்சு. ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிட்டேன். நீயும் வந்துரு."

அப்படியானால் இன்று சாயங்காலம் மருந்து. நாச்சிமுத்து அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்தார். கேள்வி கேட்டால் கேட்கட்டும், திட்டினால் திட்டட்டும். காரைக்காட்டுப்புதூருக்குப் பாதை பிரியும் பிரிவு வரைக்கும் அந்த வேகத்தில்தான் போனார்.

பிரிவில் டீக்கடை முன்னால் சென்னியின் கார் நின்றிருந்தது. பின் சீட்டில் டிவிக்காரர் ஒருவர் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் இருந்தவர்கள் சென்னியைச் சுற்றி நின்றார்கள். டீக்கடைக்காரர் அவனிடம் காசு வாங்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்று ஓடிவந்தான் சென்னி. "நீங்களும் மயிலு ஊட்டுக்குத்தானே? வாங்க, கார்லயே போயிரலாம். ஒரு முக்கியமான சமாச்சாரம் பேசோணும் உங்ககிட்ட."

என்ன சமாச்சாரம்? டிவியில் பக்கத்தில் நிற்கச் சொல்லப் போகிறான், மாலையில் உதிர்ந்த பூவை அண்ணன் தலையிலும் இரண்டு தூவப் போகிறான். நாச்சிமுத்துவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. நான் போய் மருந்து தெளிக்காதே என்று சொல்வேனாம், புழு நன்றாக நூல் விடுமாம், காமிராவில் இவன் சிரிப்பானாம்.

"இல்லப்பா. இந்தப் பக்கம் ஒரு வேலை. நீ போ," என்று சொல்லி ஸ்கூட்டரைத் திருப்பினார்.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இந்நேரம் தெளித்திருப்பார்கள். அவர் எதிர்பார்த்த சந்தோஷம் வரவே இல்லை. கண்ணை மூடினால் வெறும் வாயோடு தலையாட்டும் புழுக்கள் வந்தன, அவற்றுக்குப் பின்னால் மில் வாசலில் டிபன் டப்பாவோடு நிற்கும் மயிலாத்தாள் வந்தாள். விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிட்டார். காலையிலேயே மருந்தில்லாத இலை போட்டால் பாதிப் புழுவாவது தேறும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, காலில் விழுந்தாவது, அந்தப் பாதியைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். இது சத்தியம். இந்தக் கதையில் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பலாம்.

புழு மனைக்குள் நுழைந்தபோது முதலில் காதில் விழுந்தது புழுக்கள் இலை மேயும் சத்தம். பழமருந்து தின்றிருந்தால் இந்நேரம் எல்லாப் புழுவும் மேய்வதை விட்டு மேலே ஏறியிருக்கும். நாச்சிமுத்து நின்றார். தட்டுத் தட்டாகப் புழுக்கள் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. அங்கங்கே தேன் நிறத்தில் பழுத்திருந்த புழுக்களை மட்டும் நாலைந்து பெண்கள் பொறுக்கி வலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றே ஏற்றிய ஒரு வலையில் கூடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஜன்னல் மேட்டில் பழமருந்து டப்பா மூடி திறக்காமல் இருந்தது.

மயிலாத்தாள் வந்தாள். "வா," என்றாள்.

"மருந்து தெளிக்கலையா மயிலு?"

"இல்ல. சென்னியண்ணன் நேத்துப் பொழுதோட வந்து, தெளிக்க வேண்டாமுன்னு சொல்லிருச்சு. மூணு நாள் ஆனாலும் தானாப் பழுக்கட்டும், ஒறம்பரையை நாளுக்கு நாலு பேராப் பகுந்து வரச் சொல்லு, ஆள் பத்தலீன்னா நானும் வந்து பொறுக்கறேன்னு சொல்லிருச்சு. எல்லா ஊட்டுக்கும் போயிச் சொல்லிட்டுத்தான் போச்சு. அன்னைக்கு மேடையில, நானே வந்து நிப்பேன்னு சொன்னது இதுக்குத்தானாமா."

நாச்சிமுத்துவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு இன்னொன்றும் வந்தது, அவனுக்கு எப்படித் தெரியும் என்று.

"பொதுப் பங்காளியோட வாசல், மருந்து பட்டாச் சாத்திக்குமாமா," என்றாள் மயிலாத்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அளந்து அளந்து பேசினாள். "டிவிக்காரர் கேட்டாரு, இது உங்களுக்கு எப்படித் தெரியுமுன்னு. சென்னியண்ணன் சொல்லுச்சு, நான் கண்டுபுடிக்கலீங்க, எங்கண்ணன் நாச்சிமுத்து கண்டுபுடிச்சது, வெகு வருசத்துக்கு முந்தி மைசூருல பேசுனாரு, கடைசியில மணியடிச்சதுக்கப்பறம் ஓட்டுன படத்துல அது இருந்துச்சு, கண்ணை மூடிட்டு ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டேன், அந்தப் பேச்சு இல்லாட்டி எனக்கு இந்த ரகமே இல்லைன்னு."

நாச்சிமுத்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் அவருக்கே மறந்துபோயிருந்தது. அவசரத்தில் ஓட்டிவிட்ட படம். ஒரே ஒரு ஆள் பார்த்த படம்.

"எனக்குச் சந்தோசந்தான்," என்றாள் மயிலாத்தாள். "எங்கண்ணன், எங்கண்ணன்னு நாலு பேர்த்துகிட்டச் சொன்னேன். அப்பறந்தான் ரோசனை வந்துச்சு. கண்டுபுடிச்சவனே நீதான். முட்டைப் பெட்டியை இடுப்புல வெச்சுட்டு, உன் வாசல்ல நின்னு, நம்பலாமான்னு கேட்டனே அண்ணா."

"அதைச் சொல்லத்தான் வந்தேன் மயிலு. இப்ப வந்ததே அதுக்குத்தான்."

சொல்லும்போதே அது பொய்போல ஒலிப்பது அவர் காதுக்கே கேட்டது.

"இன்னைக்கா?" என்றாள். "முந்தின நாள் பொழுதோட தெளிக்கறதுன்னு உனக்குத் தெரியாதா? நம்ம அப்பன் மருந்து தெளிக்கறப்ப குண்டாவைப் புடிச்சுட்டு நின்னவன் நீ."

அதற்குள் பின்வாசல் வழியாகச் சென்னி உள்ளே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் வலைகளைச் சுமந்து, வியர்த்து விறுவிறுத்து வந்தான். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களாண்ணா? நேத்து ரோட்டுல பாத்தப்பவே நெனச்சேன், மருந்து விசயத்தைச் சொல்லத்தான் அண்ணன் இத்தனை தூரம் வந்திருக்காருன்னு. அதைப் பேசலாமுன்னுதான் கார்ல கூப்பிட்டேன். நீங்க திரும்பிப் போயிட்டீங்க. செரி, நான் போறதைப் பாத்துட்டு, இவன் சொல்லிக்குவான்னு உட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

சூதுவாது இல்லாமல்தான் சொன்னான். மயிலாத்தாள் அவனைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"நேத்து நம்ம ஊர்ப் பிரிவு வரைக்கும் வந்தியா?" என்று கேட்டாள். "வந்துட்டுத் திரும்பிப் போனியா?"

நாச்சிமுத்து குனிந்து தட்டில் கிடந்த இலையை ஒதுக்கினார். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சென்னிக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. வலைகளை இறக்கி வைத்துவிட்டு, புழு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கையைத் தட்டிக் கூப்பிட்டான். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. இந்த ரகத்துக்கு எம்பேரு வேண்டாமுன்னு இயக்குநர் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். வாசலைக் கண்டுபுடிச்சவர் இங்க நிக்கறார். இனிமே இது சென்னி ஒண்ணு இல்லை, நாச்சி ஒண்ணு. அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க."

பாவி, நல்லவனாக இருப்பதிலும் ஒரு அங்குலம் முந்திக்கொண்டான். அந்த நேரத்திலும் நாச்சிமுத்துவுக்கு அவன்மேல் பொறாமைதான் வந்தது. அவனுடைய பேரின்மேல் இல்லை. வலையைச் சுமந்துகொண்டு தங்கை வீட்டுப் பின்வாசல் வழியாக இப்படிச் சாதாரணமாக வந்துபோக முடிகிறதே, அதன்மேல்.

பெண்கள் கைதட்டினார்கள். கைகளில் இருந்த புழுக்களை அவசரமாக வலையில் விட்டுவிட்டுத் தட்டினார்கள். சென்னி எல்லாரையும்விட உரக்கத் தட்டினான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தான். ஆயுள் முழுக்க நாச்சிமுத்து காத்திருந்த சத்தம் அது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"ஏனுங்கக்கா, உங்கண்ணனுக்குத்தானே தட்டறோம், நீங்க தட்டலீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கையில புழு இருக்குது," என்றாள் மயிலாத்தாள்.

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய இரண்டு கையும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.